277 முடிகளின் கணக்கு

ஃபினாஸ்டரைடின் சாதனையை ஒரே எண்ணில் சொல்லச் சொன்னால் 277 என்று சொல்லலாம். ஆண்வகை வழுக்கைக்கு 1 மி.கி. மாத்திரையை ஐந்தாண்டுகள் விழுங்கியவர்களுக்கும், பார்வைக்கு அதைப் போலவே இருந்த வெற்று மாத்திரையை விழுங்கியவர்களுக்கும் இடையே, உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் எண்ணப்பட்ட முடிகளின் வித்தியாசம் அது. எண் பொய்யல்ல, முறையாகப் பெறப்பட்டதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இரண்டு வழிகளில் பெருகும்: ஒரு தரப்பு ஏறலாம், மறு தரப்பு இறங்கலாம். எது நடந்தது என்று கேட்காமல் அந்த எண்ணைப் பாராட்ட முடியாது.

கேட்டுப் பார்ப்போம். 18 முதல் 41 வயது வரையிலான 1,553 ஆண்களிடம் நடந்த அந்த ஆய்வின் முதல் இரண்டாண்டு முடிவுகள் 1998இல் வெளியாயின. தொடக்கத்தில் வட்டத்துக்குள் சராசரியாக 876 முடிகள். ஓராண்டு முடிவில் மருந்துத் தரப்புக்கு 86 முடிகள் கூடின, வெற்று மாத்திரைத் தரப்புக்கு 21 குறைந்தன, வித்தியாசம் 107. இரண்டாம் ஆண்டில் 138. ஐந்தாம் ஆண்டில் மருந்துத் தரப்பு தொடக்க நிலையைவிட 38 முடிகள் மட்டுமே மேலே நின்றது. மறு தரப்பு 239 முடிகளை இழந்திருந்தது. 277 பிறந்தது இப்படித்தான். முதலாண்டில் கிடைத்த 86இல் பாதிக்கு மேல் பிறகு கரைந்துவிட்டது. வித்தியாசம் ஆண்டுக்காண்டு பெருகியதற்குக் காரணம் மருந்து மேலும் மேலும் முளைக்க வைத்தது அல்ல, மருந்தில்லாதவர்கள் மேலும் மேலும் இழந்தது.

இது மருந்தைக் குறைத்துச் சொல்வதாகாது. அதன் இயல்பைச் சரியாகச் சொல்வது. ஃபினாஸ்டரைடு விதைக்கிற மருந்தல்ல, வேலி போடுகிற மருந்து. இருக்கிற பயிரைக் காக்கும். தரிசாகிவிட்ட நிலத்தில் அதற்கு வேலையில்லை. வேலியாக மதிப்பிட்டால் அதன் சாதனை பெரிது. ஐந்தாண்டு முடிவில் யார் எந்த மாத்திரை விழுங்கினார் என்பது தெரியாத நிபுணர் குழு புகைப்படங்களைப் பார்த்து அளித்த தீர்ப்பு இது: மருந்துத் தரப்பில் 48 சதவீதம் பேருக்கு முடி கூடியது, 42 சதவீதம் பேருக்கு மாற்றமில்லை, 10 சதவீதம் பேருக்குக் குறைந்தது. வெற்று மாத்திரைத் தரப்பில் அதே வரிசையில் 6, 19, 75. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நிலைமை மோசமாகாமல் நிறுத்தியது சிறிய வேலையல்ல. முடியை எண்ணியது, படத்தை ஒப்பிட்டது, நோயாளியையே கேட்டது என மூன்று அளவுகோல்களும் ஒரே திசையைக் காட்டின என்பது ஆய்வு முறையின் பலம். கடைசிவரை வெற்று மாத்திரையில் நீடித்தவர்கள் மிகச் சிலரே என்பது பலவீனம். அளந்த இடம் உச்சந்தலை. பலருக்கும் கவலை தொடங்குகிற நெற்றிக் கோட்டில் மருந்தின் பலன் இதைவிட மெலிந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த மருந்தின் கருத்துக் கட்டுமானத்துக்கு ஒரு தனிப் பாராட்டு. வழுக்கைக்கு ஆண் ஹார்மோன் வேண்டும் என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இலேயே காட்டிவிட்டார்: விதையடிக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை, டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததும் மரபு உள்ளவர்களுக்கு விழுந்தது. எந்த ஹார்மோன் என்பதற்கான விடை டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்திலிருந்து வந்தது. அங்கே சில குழந்தைகள் பெண் போன்ற தோற்றத்தோடு பிறந்து, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக (டி.எச்.டி.) மாற்றும் நொதி அவர்களிடம் குறைவாக இருப்பதை ஜூலியான் இம்பராட்டோ-மெக்கின்லி குழு 1974இல் எழுதியது. அவர்கள் வளர்ந்த பிறகு புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, தலை வழுக்கையாகவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மூலக்கூறை மெர்க் நிறுவனம் உருவாக்கியது. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி. ப்ரோஸ்கார், 1997 டிசம்பரில் வழுக்கைக்கு 1 மி.கி. ப்ரொபீசியா. இயற்கையே செய்து காட்டிய சோதனையிலிருந்து இவ்வளவு நேராக வந்த மருந்துகள் அரிது.

ஆனால் இந்த நேர்த்தியே ஒரு மெத்தனத்துக்கும் இடம் கொடுத்தது. டி.எச்.டி. இல்லாமலே ஒரு கிராமத்து ஆண்கள் நலமாக வாழ்ந்தார்கள், ஆகவே அதை நீக்குவது தீங்கற்றது என்ற ஊகம் மருந்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கருவிலிருந்தே ஒன்று இல்லாமல் வளர்ந்த உடலும், இருபத்தைந்து வயதில் அதைத் திடீரென்று இழக்கிற உடலும் ஒன்றல்ல. மேலும் இந்த நொதிக் குடும்பத்துக்கு டி.எச்.டி. தயாரிப்பது மட்டுமே வேலையில்லை. மூளையில் மனநிலையோடு தொடர்புடைய அலோபிரெக்னனலோன் போன்ற பொருள்கள் உருவாகும் பாதையிலும் அது நிற்கிறது. இதனால் மருந்து மனச்சோர்வைத் தருகிறது என்று நிரூபணமாகிவிடாது. தேடிப் பார்க்க முகாந்திரம் இருந்தது என்பது மட்டும் நிரூபணமாகிறது.

தேடினார்களா? என் முக்கியமான குறை இங்கேதான். மருந்தோடு வந்த தகவல் தாளின்படி, ஓராண்டு ஆய்வில் பாலியல் சார்ந்த பக்கவிளைவு மருந்துத் தரப்பில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரைத் தரப்பில் 2.1 சதவீதம். நாட்டக் குறைவு 1.8க்கு 1.3, விறைப்புக் குறைபாடு 1.3க்கு 0.7. மாத்திரையை நிறுத்தியவர்கள் எல்லோருக்கும் அது சரியானது என்றும் எழுதியிருந்தது. வெற்று மாத்திரைத் தரப்பைக் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவான, தானே மறையும் தொல்லை. ஆனால் 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மருந்தை நிறுத்திய பின்னும் நீடிக்கும் நாட்டக் குறைவையும் விந்து வெளிப்படுதலில் கோளாறையும் தாளில் சேர்க்கச் செய்தது. 2022இல் தற்கொலை எண்ணம் சேர்ந்தது. முதல் தாளின் ‘எல்லோருக்கும்’ என்ற சொல் நிற்கவில்லை.

ஆய்வுகள் தீங்கை எப்படிப் பதிவு செய்தன என்பதையே ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015இல் ஜாமா டெர்மட்டாலஜி இதழில் வந்தது. வழுக்கைக்கான ஃபினாஸ்டரைடு ஆய்வுகள் 34. அவற்றில் பாதுகாப்பு பற்றிய பதிவு போதுமானது என்று தேறியது ஒன்றுகூட இல்லை. வட்டத்துக்குப் புள்ளி குத்தி, படமெடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொரு முடியாக எண்ணிய துறை, அந்த முடிக்குச் சொந்தக்காரரின் மனநிலையையும் படுக்கையறையையும் விசாரிக்கும்போது அளவுகோலைக் கீழே வைத்துவிட்டது. பலனுக்கு நுண்ணோக்கி, தீங்குக்கு வெறுங்கண். ஒரே ஆய்வுக்குள் இப்படி இரண்டு தரநிலைகள் இருப்பதை வேறெந்தத் துறையிலும் நாம் ஏற்கமாட்டோம்.

குற்றம் சாட்டும் தரப்பின் சான்றுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 2011இல் வெளியான, பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 71 இளைஞர்களை நேர்கண்டது. பெரும்பாலோருக்கு மருந்தை விட்ட பின்னும் கோளாறு நீடித்தது என்றது. ஆனால் அவர்கள் கோளாறு இருந்ததாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஒப்பிட மறு தரப்பு கிடையாது. இப்படி ஒரு நிலை உண்டு என்பதற்கு அது சாட்சி. எத்தனை பேருக்கு வரும் என்பதற்கு அல்ல. எதிர்ப்பக்கத்தில் 2007ஆம் ஆண்டின் இத்தாலிய ஆய்வு: புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி. எடுத்தவர்களில், பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதமும், சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதமும் தொல்லை என்றார்கள். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று தள்ளுவோருக்கு இது பிடித்த சான்று. அச்சம் உடலில் வேலை செய்யும் என்பதை அது காட்டுகிறது, சரி. ஆனால் வெற்று மாத்திரைத் தரப்பே இல்லாத ஆய்வு அது. ஒன்றும் சொல்லப்படாதவர்களிடமும் 15 சதவீதம் இருந்தது என்ற பாதியை அவர்கள் ஏனோ வாசிப்பதில்லை.

ஐரோப்பிய மருந்து முகமை 2025 மே மாதம் தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டரைடின் பக்கவிளைவே என்று உறுதி செய்தது. அதன் முன்னிருந்த ஃபினாஸ்டரைடு அறிக்கைகள் 313. அவற்றில் பெரும்பாலானவை வழுக்கைக்கு 1 மி.கி. எடுத்தவர்கள் பற்றியவை. எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது, அந்த மருந்தின் மொத்தப் பயன்பாடு ஏறத்தாழ 27 கோடி நோயாளி-ஆண்டுகள் என்ற மதிப்பீடு. எண்ணிக்கை மிகச் சிறிது. தாமாக முன்வந்து தரும் அறிக்கைகள் உண்மையான அளவைக் குறைத்தே காட்டும் என்பதும் தெரிந்ததே. இரண்டையும் சேர்த்து வைத்தால் கிடைப்பது இவ்வளவு: அரிது, ஆனால் உண்டு, எவ்வளவு அரிது என்று சொல்ல வேண்டிய ஆய்வுகள் அதைச் சொல்லும்படி வடிவமைக்கப்படவில்லை. அதே முகமை மாத்திரையால் கிடைக்கும் நன்மை இன்னும் அபாயத்தை விஞ்சுகிறது என்றும் முடிவு செய்தது. நான் அதோடு உடன்படுகிறேன், ஒரு திருத்தத்தோடு: புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைபடும் அறுபது வயதுக்காரரின் தராசும், கண்ணாடி முன் நிற்கும் இருபத்திரண்டு வயதுக்காரரின் தராசும் ஒன்றல்ல. அழகுக்கான மருந்திடம் நாம் கேட்கும் பாதுகாப்பு நோய்க்கான மருந்திடம் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வழக்கத்தில் தலைகீழாக நடக்கிறது.

டூட்டாஸ்டரைடைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அது அதே வாதத்தின் உரத்த குரல். ஃபினாஸ்டரைடு நொதியின் இரண்டாம் வகையைத் தடுத்து ரத்தத்தில் டி.எச்.டி.யை ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கிறது. டூட்டாஸ்டரைடு இரண்டு வகைகளையும் தடுத்து 90 சதவீதத்துக்கு மேல். 917 ஆண்களிடம் 24 வாரங்கள் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் 0.5 மி.கி. டூட்டாஸ்டரைடு 1 மி.கி. ஃபினாஸ்டரைடை முடி எண்ணிக்கையில் வென்றது. வழுக்கைக்குத் தென் கொரியா 2009இலும் ஜப்பான் 2015இலும் அனுமதித்தன. அமெரிக்காவில் அது இன்றும் புராஸ்டேட் மருந்து மட்டுமே. பலம் உண்மை. ஆனால் ஃபினாஸ்டரைடு சில மணி நேரங்களில் ரத்தத்தில் பாதியாகக் குறையும்; இதற்கு அந்தப் பாதிக்கே சுமார் ஐந்து வாரங்கள். ஒன்று எடுப்பவர் மருந்தை நிறுத்தி ஒரு மாதத்தில் ரத்த தானம் செய்யலாம், மற்றொன்றுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியே இரண்டின் குணத்தையும் சொல்லிவிடும். தொல்லை வந்தால் உடனே இறங்கிவிட முடியாத வண்டியில் முதல் பயணத்தைத் தொடங்குவது விவேகமல்ல. முதல் மருந்து தோற்ற பிறகு, தெரிந்தே ஏறுகிறவர்களுக்கு அது இருக்கட்டும்.

மினாக்ஸிடில் கதை வேறு வகை. அங்கே கொள்கையே கிடையாது, விபத்துதான். அப்ஜான் நிறுவனத்தின் லோனிடன் என்ற ரத்த அழுத்த மாத்திரையாக 1979இல் வந்தது. எடுத்தவர்களின் நெற்றியிலும் கையிலும் முடி முளைத்தது. பக்கவிளைவைக் குப்பியில் அடைத்து 1988இல் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். இப்போது சுழல் முழுவதும் சுற்றி, அது மீண்டும் மாத்திரையாகியிருக்கிறது, மிகக் குறைந்த அளவில்: பெண்களுக்குப் பெரும்பாலும் 0.25 முதல் 1 மி.கி. வரை, ஆண்களுக்கு 2.5 முதல் 5 மி.கி. வரை. மெல்போர்னின் ராட்னி சின்கிளேர் 100 பெண்களுக்கு 0.25 மி.கி. மினாக்ஸிடிலையும் ஆண் ஹார்மோனை எதிர்க்கும் ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி.யையும் சேர்த்துத் தந்து 2018இல் எழுதியது இதற்குத் திருப்புமுனை. 2022இல் நியூயார்க் டைம்ஸ் அதைப் பொதுவாசகரிடம் கொண்டுபோனது. அதன் பிறகு சான்று நடக்க, செல்வாக்கு ஓடியது.

தடவுகிற திரவத்தைவிட மாத்திரை மேல் என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. அதை நேருக்கு நேர் சோதித்த பிரேசில் ஆய்வு 2024இல் வந்தது: 90 ஆண்கள், ஒரு தரப்புக்குத் தினம் 5 மி.கி. மாத்திரை, மறு தரப்புக்குத் தினம் இருமுறை 5 சதவீதத் திரவம், 24 வாரங்கள். முடி அடர்த்தியில் மாத்திரை முந்தவில்லை. புகைப்படத்தில் உச்சந்தலையில் மட்டும் கொஞ்சம் மேலாகத் தெரிந்தது. மாத்திரை எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு வேண்டாத இடங்களில் முடி. பெண்களுக்கு 1 மி.கி. மாத்திரையைத் திரவத்தோடு ஒப்பிட்ட 2020 ஆய்விலும் இதே சமநிலை. ஆகவே வாய்வழி மினாக்ஸிடிலின் உரிமைக் கோரிக்கை வலிமை அல்ல, வசதி. தலை பிசுபிசுக்காது, தினம் இரண்டு முறை தடவ வேண்டாம். இது அற்பமான நன்மையல்ல. திரவத்தை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம், எடுக்கப்படாத மருந்து பலிக்காது. ஆனால் வசதியை வலிமை என்று விற்பது தரக்கணிப்பில் பிழை.

பாதுகாப்பில் மினாக்ஸிடில் ஃபினாஸ்டரைடைவிட நேர்மையான மருந்து என்று சொல்லத் தோன்றுகிறது: அதன் தீங்குகள் கண்ணுக்குத் தெரியும். 1,404 பேரின் பதிவுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் வேண்டாத முடி 15.1 சதவீதம், தலைசுற்றல் 1.7, நீர் தேங்குதல் 1.3, நெஞ்சுப் படபடப்பு 0.9. இது பின்னோக்கிய தொகுப்பு, ஒப்பீட்டுத் தரப்பு இல்லை. பலனை அளக்க உதவாது, பக்கவிளைவின் பரப்பைக் காட்ட உதவும். லோனிடனின் தாளில் இதயத்தைச் சுற்றி நீர் கோக்கும் என்ற கறுப்புக் கட்ட எச்சரிக்கை தினம் 10 முதல் 40 மி.கி. வரை எடுத்த காலத்தது. அதைக் காட்டிச் சிற்றளவு எடுப்பவரைப் பயமுறுத்துவதும் தவறு, சிற்றளவு என்பதால் இதய நோயாளிக்கு எழுதிக்கொடுப்பதும் தவறு. இந்த மூலக்கூறுக்குத் தலை, கன்னம் என்ற பாகுபாடு தெரியாது. ஸ்பெயினில் 2019இல் வயிற்றுக்கான ஒமெப்ரசோல் என்று நம்பிக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்தில் மினாக்ஸிடில் கலந்துவிட, அந்தக் குழந்தைகளின் நெற்றியிலும் கன்னத்திலும் முடி அடர்ந்தது. பிழையான கலப்பு நடத்திய அந்தச் சோதனை, எந்த ஆய்வும் செய்யத் துணியாதது.

பெண்களுக்கு வருவோம். பெண்வகை முடியுதிர்வுக்கு 1 மி.கி. ஃபினாஸ்டரைடு, மாதவிடாய் நின்ற 137 பெண்களிடம் ஓராண்டு சோதிக்கப்பட்டு 2000இல் தோற்றது. கருவிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கும் வயதினருக்கு அது ஆகாது. கர்ப்பிணி உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று தாளில் எழுதியிருக்கிறது. இருந்தும் பெண்களுக்கு அது எழுதப்படுவதைப் பார்க்கிறோம். இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

இடையில் ஒரு பக்கப் பேச்சு. ‘முடிக்கு மாத்திரை’ என்று கேட்கிற பலருக்கு நம் மருந்துக் கடைகளில் கையில் வருவது பயோட்டின். குறைபாடு இல்லாதவருக்கு அது வழுக்கையில் பலன் தரும் என்பதற்குத் தகுந்த சான்றில்லை. மாறாக, ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவைக்கூடப் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க அமைப்பு 2017இல் எச்சரித்தது. மேலே மூன்று மருந்துகளையும் இவ்வளவு கறாராக எடைபோட்டதற்குக் காரணம், அவற்றை எடைபோட முடிகிறது என்பதுதான். பயோட்டினைத் தராசில் வைக்கவே ஒன்றுமில்லை.

தீர்ப்பு. உச்சந்தலை மெலியத் தொடங்கிய, இன்னும் காக்க ஏதாவது மிச்சமுள்ள ஆணுக்கு, ஃபினாஸ்டரைடு 1 மி.கி. தேறுகிறது, பலன் பற்றிய சான்றில் உயர் மதிப்பெண்ணோடு, தீங்கு பற்றிய சான்றில் மிகக் குறைந்த மதிப்பெண்ணோடு. மனச்சோர்வு முன்பு இருந்தவருக்கு முதல் தேர்வாக அதை நான் வைக்கமாட்டேன். நிறுத்தினால் ஓராண்டுக்குள் காத்ததெல்லாம் போய்விடும் என்பதால் இது ஒரு சிகிச்சைக் காலம் அல்ல, நீண்ட ஒப்பந்தம். கையெழுத்துக்கு முன் அதைச் சொல்லாத மருத்துவர் பாதியைத்தான் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர் புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்குப் போனால், அந்த எண் இந்த மருந்தால் ஏறத்தாழ பாதியாகத் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். டூட்டாஸ்டரைடு இரண்டாம் வரிசை. வாய்வழி மினாக்ஸிடில், திரவத்தை ஏற்காதவர்களுக்கும் பெண்களுக்கும் நியாயமான மாற்று. சிறந்த மருந்து என்ற பட்டத்துக்கு இன்னும் தேர்வே எழுதவில்லை.

ஐரோப்பாவில் 1 மி.கி. ஃபினாஸ்டரைடு பெட்டிக்குள் ஒரு சிறு அட்டையும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மனநிலை மாறுகிறதா, பாலியல் கோளாறு தெரிகிறதா என்று கவனிக்கும்படி நோயாளிக்கு நினைவூட்டும் அட்டை. அதிலிருக்கும் விஷயங்களை, முடியை எண்ணிய அதே ஒழுங்கோடு, மாத்திரையை நிறுத்திய பின்னும் சில ஆண்டுகள் அந்த 1,553 பேரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தால், இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலை இருந்திருக்காது.